ஐந்து எழுத்து அகலத்தில் ஒரு வெற்றிடம்

போன மாதம் ஒரு மத்தியானம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஐம்பத்தைந்து வயதில் நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். மெய்ப்புப் பார்க்கிறாள். நான் பார்த்தது ஈரக் காகிதத்தில். அவள் பார்ப்பது கண்ணாடித் திரையில். மற்றபடி முதுகுவலி ஒன்றுதான்.

“அக்கா, ‘சொல்மரக்காடு’ மறுபதிப்புக்கு டைப் பண்ணிக்கிட்டு இருக்கோம். இருநூத்துப் பதினோராம் பக்கத்துல ஒரு வரிக்கு நடுவுல ஓட்டை மாதிரி எடம் இருக்கு. எழுத்து விழுந்துருச்சா, வேணும்னே விட்டதா? கம்ப்யூட்டர் செவப்புக் கோடு போட்டுக்கிட்டே இருக்குலா. மூடிறவா?”

“மூடாதை பிள்ளை.”

“ஏன்க்கா? அதுல என்னா இருந்துச்சு?”

ஃபோனில் சொல்கிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அனுப்பாமல் நாட்களைக் கடத்தினேன். பேனாவை எடுத்தால் எழுந்து நடக்கத் தோன்றும். நடந்தால் உட்காரத் தோன்றும். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்தால் அவை ஒரு அடி பின்வாங்கி நிற்கும். வெயில் வந்தால் வாசலுக்கே வந்துவிடும். அந்த ஓட்டையும் அப்படித்தான், சில நாள் தூரத்தில், சில நாள் நெஞ்சுக்குக் கிட்டத்தில்.

சரி, எழுதுகிறேன்.

*

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த வார இதழில் சேர்ந்தேன். பழைய ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடி. கீழே அவர்கள் மார்ஜரின் விட்டுக் காப்பிக்கொட்டை வறுக்கும்போது மேலே எங்கள் ஒற்றெழுத்துகளுக்குக்கூட வாசம் ஏறும். என் அப்பா ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். வீட்டில் எல்லோரும் அரசாங்க நாற்காலி. “பத்திரிகையில பிழை பிடிக்கிறதும் ஒரு உத்தியோகமோடி?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அது மட்டும்தான் உத்தியோகமாகப் பட்டது. எனக்குத் தமிழ் தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லா வினையும் அங்கிருந்துதான் வந்தது.

வேலை கற்க ஒரு வருடம் போதும். ஆசிரியரிடம் பழக மூன்று வருடம் ஆனது. அவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஆசிரியர்’ தான். மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி. சிகரெட் பிடிக்க மாட்டார். தீக்குச்சி ஒன்றை எடுத்து, கையெழுத்துப் பிரதியில் சந்தேகப்படுகிற வரிக்கு அடியில் வைப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி: “இதை யாரு பாக்குறா?”

‘அரண்மனையின் மேல் நிலவு காய்ந்தது’ என்று ஒருவர் எழுதியிருந்தால் தீக்குச்சி அங்கே போய்விடும். யார் பார்த்த நிலவு? காவல்காரனா, கள்ளனா, கல்யாணமாகாத அத்தையா? பார்க்கிற ஆள் இல்லாத நிலவை அவர் வெட்டிவிடுவார். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்; குச்சியை மறுபடி பெட்டிக்குள் போட்டுவிடுவார். குச்சி பெட்டிக்குள் விழுகிற சத்தத்துக்காக எழுத்தாளர்கள் மாடிப்படியில் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோபம் வந்தால் அவருடைய தமிழ் சுத்தமாகிவிடும். ‘என்னாம்மா இது’ என்கிறவரை பயமில்லை. ‘தாங்கள்’ என்றால் ஓடிவிட வேண்டும்.

எங்கள் வேலைமுறை இது. எழுத்தாளர் அனுப்பிய பிரதி முதலில் என்னிடம் வரும். நான் படித்து, திருத்தி, மாடியின் பின்பக்கம் எழுத்துக் கோக்கிற முத்தையா அண்ணனிடம் கொடுப்பேன். அவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து அடுக்குவார். அடுக்கியதை மை தடவி நீளக் காகிதத்தில் ஒற்றித் தருவார். அதை மறுபடி பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் மேசையில் இரண்டு கோல்கள் இருக்கும். சிவப்பு மைப் பேனா, ஒரு பென்சில். பிழை என்றால் சிவப்பு. சந்தேகம் என்றால் பென்சில். சிவப்பு போட்டதை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள், நேரே அச்சுக்குப் போகும். பென்சில் போட்டது ஆசிரியரிடம் போகும். அவராலும் தீராவிட்டால் எழுத்தாளருக்குக் கடிதம் போகும்.

பென்சில் போட்டால் ஒரு வாரம் தாமதம். அதோடு, எனக்குத் தெரியவில்லை என்று ஊருக்குச் சொல்வது மாதிரி. வருடம் ஆக ஆக என் பென்சில் குட்டையாகவே இல்லை.

*

‘சொல்மரக்காடு’ எழுபதுகளின் கடைசியில் வந்தது. ஒவ்வொரு வாரமும் பழுப்பு உறையில் ஒரு அத்தியாயம். பள்ளிக்கூட நோட்டுத் தாள், நீல மை, ஒரு அடித்தல் இல்லாத கையெழுத்து. அனுப்புநர்: அஞ்சலை, மேல்பார்வை இன்ன மளிகைக்கடை, பீடோர்.

“அஞ்சலைன்னு சொந்தப் பேர்ல யாரும் எழுத மாட்டாங்க,” என்றார் ஆசிரியர். “யாரோ ரிட்டையர் வாத்தியாரு. வேஷம் போடுறாரு.”

கதை, இல்லாத ஒரு நாட்டில் நடக்கிறது. அங்கே இறந்தவர்களின் கடைசிச் சொல் மண்ணுக்குள் போய் ஒரு மரமாக ஏறும். விடியலில் பெண்கள் அந்த மரங்களைக் கீறி, ஊறி வரும் சொற்களைச் சின்னக் கிண்ணங்களில் பிடித்து, அரண்மனைக்குச் சுமந்து போவார்கள். அரசன் அவற்றைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வான். நாகவல்லி என்பவள் அப்படிச் சொல் எடுக்கிறவர்களில் ஒருத்தி.

நாட்டைச் சொன்னேனே தவிர, அந்த எழுத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அதில் மந்திரம் குறைவு, மனிதர்கள் அதிகம். பகை அரசன் படையோடு எல்லையில் நிற்கிறான். அஞ்சலை அரண்மனை வாசல்காரனுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுப்பாள். ‘காலையிலிருந்து மாறனின் இடது காதில் ஒரு பாட்டு. யார் பாடியது என்று தெரியாமல் அவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான், தூங்கிய பிள்ளையைக் கிடத்துவதுபோல.’ அவ்வளவுதான். அத்தியாயம் முடியும்போது அந்தப் பாட்டு அவன் அக்கா பாடியது என்று தெரியும். படை அப்படியே எல்லையில் நின்றுகொண்டிருக்கும்.

“சண்டை எப்பம்மா வரும்?” ஆசிரியர் தலையைச் சொறிவார். “பத்து வாரமாச்சு. பகை ராஜாவுக்குக் கால் வலிக்காதா?”

ஆனால் தீக்குச்சி பெட்டிக்குள்தான் விழும். ஒவ்வொரு நிலவையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்கியங்கள் நீளமானவை. ‘அவள் நடந்தாள், பனி காலை நனைக்க, நனைந்த காலை இலை துடைக்க, துடைத்த இலையை அடுத்த கால் நனைக்க, இருட்டு ஒரு பக்கமும் விடியல் ஒரு பக்கமுமாய்ப் பிடித்துக்கொண்டு வர, நடந்தாள். நின்றாள்.’ எனக்கு இது மூச்சு முட்டியது. நான் முற்றுப்புள்ளிகளைக் கொண்டு போய் வைத்தேன். நடந்தாள். பனி காலை நனைத்தது. இலை துடைத்தது. சிவப்பு மையில்.

பதினோராம் அத்தியாயம் வந்தது. நாகவல்லியின் அம்மா இறந்து, அவளுடைய மரம் வளர்ந்து நிற்கிறது. மகள் முதல்முறையாக அந்த மரத்துக்குப் போகிறாள். வரி இப்படி இருந்தது: ‘விடிவதற்குள் அம்மாவின் மரத்தை வெட்டினாள். அவள் அழவில்லை. மரமும் அழவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.’

அதற்கு முன்னால் பத்து அத்தியாயத்திலும் ‘கீறினாள்’ என்றே அஞ்சலை எழுதியிருந்தாள். இங்கே மட்டும் ‘வெட்டினாள்’. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்பாடா, ஒரு சம்பவம். மகள் தாயின் மரத்தையே வெட்டிவிட்டாள்! ஆனால் சொல் மொட்டையாக நிற்கிறதே, மரத்தை வெட்டினால் விழ வேண்டாமா? நான் பென்சிலை எடுக்கவில்லை. சிவப்பில் ஒரு சொல் சேர்த்தேன்: ‘வெட்டிச் சாய்த்தாள்.’

அந்த இதழ் வெளியாயிற்று.

*

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்நேரம் பிழை தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டுத் தோட்டங்களில் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் மரத்தைச் சாய்க்கப் போவதில்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் மெல்லிய ஒரு கீற்றைச் சீவி, பால் எடுக்கப் போவது. நாற்பது வருடம் தினமும் வெட்டிய மரம் நாற்பது வருடமும் நின்றுகொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாதா? காதில் விழுந்திருக்கிறது. ஆனால் நான் படித்தது ராஜா கதை. அதற்குள் ரப்பர் மரம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடிதங்கள் வந்தன. பாரிட் புந்தாரிலிருந்து, தாப்பாவிலிருந்து, தஞ்சோங் மாலிமிலிருந்து. ‘பெத்த தாயை நாகவல்லி சாய்ப்பாளா? இதை எழுதிய கை விளங்குமா?’ ‘எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் படித்தோம். அந்த வரியில் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.’ ஒருவர் ஒன்றுமே எழுதாமல் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து உறையில் வைத்து அனுப்பியிருந்தார்.

ஆசிரியர் பிரதியை வரவழைத்தார். மேசைமேல் விரித்தார். தீக்குச்சியை அந்த வரிக்கு அடியில் வைத்தார். நீல மையில் ‘வெட்டினாள்’. மேலே என் சிவப்பு.

“பென்சில் எங்கே?”

நான் என் சிவப்பையே பார்த்தேன்.

“மனோன்மணி அவர்களே, தாங்கள் எந்தக் காட்டில் இந்த மரம் விழக் கண்டீர்கள்?”

அவர் இரைந்திருந்தால் அழுதிருப்பேன். அந்தச் சுத்தத் தமிழில் கண்ணீர்கூட வரவில்லை.

பின்பக்கம் போனேன். முத்தையா அண்ணன் தலை நிமிராமல் எழுத்துகளைக் கலைத்து அதனதன் குழியில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அப்போதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது.

“அண்ணே, உங்களுக்கு இது தெரியுமோ?”

“அடுக்கும்போதே தெரியும்மா.”

“பின்ன ஏன் சொல்லேல்லை?”

“நீங்க படிச்சவங்க. செவப்பு மையில வேற போட்டிருந்தீங்க. செவப்புக்கு மேல நான் என்னாத்தச் சொல்ல?” ஒரு ‘ள’வைக் குழியில் போட்டார். “அதோட, ராசா கதையா இருக்கே. நம்ம மரத்தக் கொண்டு போயி ராசா கதையில யாரு வெப்பான்னு நானும் நெனச்சுட்டேன்லா.”

அந்த வாரம் பழுப்பு உறை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ‘தொடர் இவ்வாரம் இடம்பெறவில்லை’ என்று கட்டம் கட்டிப் போட்டோம். அந்தக் கட்டம் ஒரு சின்னச் சவப்பெட்டி மாதிரி பக்கத்தில் கிடந்தது. கதை பாதியில் நிற்கிறது. முடியாவிட்டால் அதை முடித்தவள் நான்தான்.

“திருத்தம் போட்டுடலாம்,” என்றார் ஆசிரியர், இப்போது பேச்சுத்தமிழில். “கடுதாசி ஒண்ணு எழுதும்மா.”

“கடிதம் வேண்டாம். நான் போறன்.”

*

முதல் பஸ். கோப்பெங், கம்பார், தாப்பா. பீடோர் மளிகைக்கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “அஞ்சலையா? தோட்டத்துப் பொண்ணு. இந்த நேரத்துக்கு மரத்துல இருக்கும்.” ஆசிரியர் கற்பனை செய்த ரிட்டையர் வாத்தியார் அங்கேயே செத்துப் போனார்.

செம்மண் சாலை. இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒரே தூரத்தில் மரங்கள். வெயில் இலைக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே பச்சை இருட்டு. எங்கோ ஒரு வாளி கிண்ணென்றது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். செருப்பு நனைந்தது. கால் நனைந்தது. ஒரு இலை வந்து ஒட்டித் துடைத்துவிட்டுப் போனது. எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன், அவ்வளவு மண்டு.

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. தலையில் துணிக்கட்டு, இடுப்பில் புகைந்துகொண்டிருக்கும் கொசுவர்த்தி. என்னைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: “கிளினிக் மிஸ்ஸியா? ஊசியெல்லாம் ஸ்டோர்ல வெச்சுப் போட்டுக்கலாம். இப்ப மரம் இருக்கு.”

“நான் ஈப்போ பத்திரிகையில இருந்து வாறன்.”

கத்தி நின்றது.

“சாய்ச்சது யாரு? நீங்களா?”

“நான்தான்.”

அவள் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டையில் கத்தியை வைத்து ஒரு இழுப்பு. காது ஒன்று திறந்த மாதிரி வெள்ளையாய் ஒரு கோடு. கோட்டின் கீழ் முனையில் பால் ஒரு துளி யோசித்து, விழுந்தது. கீழே கம்பியில் கட்டியிருந்த மங்கு, பால் பிடிக்கிற அந்தச் சின்னக் கிண்ணம், அதை வாங்கிக்கொண்டது. அவள் அடுத்த மரத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அப்படியே பத்து மரம். பன்னிரண்டு மரம். நடை, நடை, நடை, நிற்றல். ஒரு இழுப்பு. மறுபடி நடை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடக்கும்போது முணுமுணுப்பு நீளும், மரத்துக்கு வந்ததும் ஒரே சொல்லில் அறுந்துவிடும். நான் முற்றுப்புள்ளிகளைக் கொண்டு போய் எங்கே நட்டேன் என்று அப்போது தெரிந்தது. இரண்டு மரத்துக்கு நடுவில், மரமே இல்லாத இடத்தில், அவளை நிறுத்தி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

“இந்த நெர எங்கம்மாவோட நெர,” என்றாள் திடீரென்று, திரும்பாமல். நெர என்றால் ஒருவர் வெட்டுகிற மர வரிசை. “போன வருசம் செத்துப்போச்சு. அது வெட்டுன மரத்த அடுத்த நாளு எனக்குக் குடுத்தாங்க. மொத நாளு ஒரு மரங்கூடப் பால் விடல. வெட்டிக்கிட்டே போறேன், காஞ்சு கெடக்கு. அததான் எழுதுனேன். மத்த எடத்துலெல்லாம் நல்ல தமிழ்ல கீறினாள் கீறினாள்னு எழுதுன கை, அம்மான்னதும் வூட்டுச் சொல்லப் போட்டுருச்சு.”

“எனக்கு விளங்கேல்லை. ராஜா கதையில ரப்பர் மரம் வரும் எண்டு நான் நினைக்கேல்லை.”

அவள் திரும்பினாள். கோபத்தை எதிர்பார்த்தேன்.

“ஏன், ராசா தேருக்கு டயரு வேணாமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்து, பாதியில் நின்றுபோனது.

“எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வூட்டு அண்ணேதான் வாரா வாரம் படிச்சுக் காட்டும். அந்த வாரம் கேட்டுட்டு எந்திரிச்சாரு. ‘ஒங்காத்தா செத்து ஒரு வருசங்கூட ஆகல, கதையிலயும் சாச்சுட்டியா’ன்னாரு. அதோட சரி. நான் அப்பிடி எழுதலப்பான்னா, அச்சுல இருக்கேங்குறாரு. அச்சுல இருந்தா நெசம் அவருக்கு. மூணு வாரமா ஒரு வார்த்த இல்ல.” கத்தியைத் துணியில் துடைத்தாள். “அவரு பேசாத வூட்டுல ஒக்காந்து என்னான்னு எழுதுறது?”

“நாங்கள் திருத்தம் போடுறம்.”

“‘வாசகர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளவும்’னு போடுவீங்க. கடைசிப் பக்கத்துல, எறும்பு அளவுக்கு. வேணாம் அக்கா. ஊரே விழுந்தத கேட்டுருச்சு. எந்திரிச்சு நிக்கிறத யாரு கேப்பா?”

“அப்பா எங்கை?” என்றேன்.

*

அவர் லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றின் முன்னால், ஒரு வாளிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். தோளில் காண்டாக்கம்பு அழுத்திய தழும்பு, இரண்டு பக்கமும் வாளி தொங்க வருடக்கணக்காய்ச் சுமந்தது. நான் போய் நின்றேன். என் சிவப்பு மைப் பேனா கைப்பையில் இருந்தது. ஏனோ அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“ஐயா, அந்த வரி உங்கட மகள் எழுதினது இல்லை. அவ வெட்டினாள் எண்டுதான் எழுதினவ. சாய்த்தாள் எண்டது நான் போட்டது. இந்தப் பேனாவால.”

அவர் பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நனைந்து சேறு அப்பிய என் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“மரம் பாத்திருக்கீங்களா நீங்க?”

“இண்டைக்குத்தான் ஐயா.”

“படிச்சவங்க,” என்றார். அது மரியாதையா வசவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்தார். பிறகு என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துச் சொன்னார்:

“நின்னுக்கிட்டே இருக்காங்க பாரு. காப்பி போடு.”

அஞ்சலை சட்டென்று உள்ளே போய்விட்டாள். தண்ணீர் கொதிக்கிற நேரத்தைவிட அதிக நேரம் உள்ளே இருந்தாள்.

காப்பி ஆறிப்போய் வந்தது. குடித்தேன். கிளம்பும்போது கேட்டேன், அடுத்த அத்தியாயம் வருமா என்று.

“பாக்கலாம்லா,” என்றாள். “ஒங்க பேச்சு நல்லாருக்கு. பாட்டுப் படிக்கிற மாரி. பேரு என்னா?”

“மனோன்மணி.”

*

மூன்று வாரம் போயிற்று. பழுப்பு உறை வந்தபோது அதை என் மேசையில் வைக்காமல் முத்தையா அண்ணன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். ஆசிரியர்தான் முதலில் படித்தார். தீப்பெட்டியைத் தொடவே இல்லை. படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுக்கு வேற ஆள் புரூப் பாக்கட்டுமாம்மா?”

“நானே பாக்கிறன்.”

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் புதிதாக ஒருத்தி வருகிறாள். அரண்மனையில் ஏடு எழுதுகிறவள். கடல் தாண்டி வந்த, எழுத்துத் தெரிந்த குடும்பத்துப் பெண். காட்டை ஏட்டில் மட்டும் பார்த்தவள். காட்டிலிருந்து வந்த ஓலையைப் படியெடுக்கும்போது ஒரு சொல் கூடுதலாக எழுதிவிடுகிறாள். ஏட்டில் உள்ளதே கட்டளை. காவலர்கள் போய் அம்மாவின் மரத்தைச் சாய்த்துவிடுகிறார்கள். ஊர் நாகவல்லியைத் தூற்றுகிறது.

விழுந்த மரத்தை அவள் தூக்கி நிறுத்தவில்லை. விழுந்ததற்குக் காரணத்தைக் கதைக்குள் வைத்துவிட்டாள்.

நான் தண்டனையை எதிர்பார்த்துப் படித்தேன். கழுவில் ஏற்றுவாள், நாக்கை அறுப்பாள், ஊமையாக்குவாள். அந்த எழுத்துக்கு அது தெரியவே இல்லை. மூன்று அத்தியாயம் அந்த ஏடெழுதுகிறவளோடேயே உட்கார்ந்திருந்தது. அவள் கைமையைக் கழுவுகிற நேரத்தில் என்ன நினைப்பாள். வீட்டில் அவளுடைய தாய் அவளை என்ன கேட்பாள். தனக்குத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு ஏன் பயம். ‘அவள் மூக்குக்கண்ணாடியின் இடது காதை நூலால் கட்டியிருந்தாள், உடைந்ததை யாரிடமும் சொல்லாமல்.’ அந்த வரியில் என் கை தன்னால் காதுக்குப் போயிற்று. அன்று பீடோருக்குப் போனபோது நூல் கட்டித்தான் போயிருந்தேன். அவள் என்னைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

ஒரு முற்றுப்புள்ளியைக்கூட நகர்த்தாமல் அனுப்பினேன். பகை அரசனின் படை எல்லையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாசகர்கூடச் சண்டை எப்போது என்று கேட்கவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது. ஏடெழுதுகிறவள் கால் நனைய நனையக் காட்டுக்கு நடந்து வருகிறாள். அடிமரம் மட்டும் நிற்கிறது. நாகவல்லி அதைத்தான் தினமும் வெட்டுகிறாள், காய்ந்ததை. அன்று அடிமரத்தில் ஒரு துளி கசிகிறது. ஏடெழுதுகிறவள் குனிந்து மங்கைப் பிடிக்கிறாள். கிண்ணத்துக்குள் சொல் விழுகிறது. அம்மாவின் கடைசிச் சொல். நாகவல்லி அதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, அதுவரை பெயரில்லாமலே வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்: ‘        , கை நடுங்குது பாரு, கெட்டியாப் பிடி.’

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நோட்டுத் தாள். கோடுகள் மட்டும் ஓடின.

முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்தார். அளவுக்கட்டையை வைத்தார். “அஞ்சு எழுத்து எடம்மா.” என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “ம, னோ, ன், ம, ணி. எண்ணிக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

“சும்மா இருங்கோ அண்ணே.”

“எழுத்த எடுத்து வெக்கவா? கையில ரெடியா இருக்கு.”

மறந்து விட்டிருப்பாள், நானே நிரப்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கை மேசைக்குப் போயிற்று. பென்சிலை எடுத்தேன். அந்த இடத்துக்கு அடியில் ஒரு வளைகோடும் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். ஆசிரியர் பார்த்துவிட்டு அஞ்சலட்டை ஒன்றை என் பக்கம் தள்ளினார். இதழ் ஒரு வாரம் தாமதித்தது.

பதில் வந்தது. நீல மை, அடித்தல் இல்லை.

‘அக்காவுக்கு. அந்த எடத்துல என்ன பேரு போடணும்னு கேட்டிருந்தீங்க. ஒங்களுக்குப் பிடிச்சத போட்டுக்குங்க, இல்லாட்டி அப்பிடியே உட்டுருங்க. இந்தத் தடவ கேட்டீங்கல்ல, அது போதும். அப்பா நல்லா இருக்காரு. காப்பி இன்னும் சூடா இருக்கு, வாங்க. அஞ்சலை.’

அட்டையை முத்தையா அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கையில் தயாராக வைத்திருந்த ஐந்து எழுத்துகளையும் அதனதன் குழியில் போட்டார். அவற்றுக்குப் பதிலாக, அதே அகலத்துக்கு, மையே ஏறாத வெற்று ஈயத் துண்டுகளை எடுத்து வைத்தார்.

*

கவிதா, நீ கேட்டது இதுதான். அந்த இடத்தில் எழுத்து எதுவும் விழவில்லை.

அஞ்சலை இப்போது தஞ்சோங் மாலிமில் மகன் வீட்டில் இருக்கிறாள். முகவரியைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். வேறு எந்த வரியிலாவது சந்தேகம் வந்தால் அவளுக்கே எழுதிக் கேள். சிவப்புக் கோடு போடுகிற அந்தக் கம்ப்யூட்டரில் பென்சில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் கடையில் ஒன்று வாங்கிக்கொள்.

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தை மட்டும் பக்கம் கட்டுகிறபோது நீயே பக்கத்தில் நின்று பார். வரி இழுத்துக்கொண்டு போகும், இடம் சுருங்கும். விடாதே. ஐந்து எழுத்து அகலம்.